ஏழு சதவீத மாப்பிள்ளை

“அறுபத்தொண்ணு,” என்றார் கணிப்பு அறைக்காரர்.

“வயசா? எனக்கு இன்னும் அறுபதே ஆகலையே,” என்றாள் கிளட்ச் டீச்சர்.

“வயசு இல்லம்மா, சதவீதம். அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க உயிரோட இருக்கறதுக்கு.”

“அப்ப மீதி முப்பத்தொன்பது?”

கணிப்பு அறைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. “மீதியைப் பத்தி நாங்க பேசறதில்லம்மா.”

எலும்பு வார்டின் கோடியில், முன்பு தலையணை உறை அடுக்கி வைத்திருந்த அறை அது. உறைகள் இன்னும் போகவில்லை. இஸ்திரி மேசை மேல் கம்ப்யூட்டரை வைத்து, வாசலில் ‘கணிப்பு அறை’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். எலும்பில் புற்று வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவார்கள். ஆளுக்கொரு எண்ணோடு வெளியே வருவார்கள். வருகிறவர் முகத்தைப் பார்த்தே எண் என்னவென்று வராந்தாவில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் அவள். “கிளட்சை மெதுவா விடு, மெதுவா விடு” என்று நாளெல்லாம் கத்தியதில் பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து கிளட்ச் டீச்சர் ஆகிவிட்டாள். இடது முழங்காலுக்கு மேலே வலி வந்தபோதுகூட, “வண்டிக்கு கிளட்ச் தேயற மாதிரி எனக்கும் தேஞ்சுபோச்சு” என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எலும்பு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது தேய்மானம் இல்லம்மா, வளர்ச்சி” என்றாள். அப்புறம் ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள். இப்போது அறுவை சிகிச்சை.

“தம்பி, இந்த மெஷின்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. நான் மறுபடி கிளட்சை அமுக்குவேனா?”

கணிப்பு அறைக்காரர் திரையில் மேலும் கீழும் தேடினார். “அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

“அப்ப என்னதான் கட்டம் இருக்கு?” என்று பின்னாலிருந்து கேட்டார் அவள் அண்ணன்.

அண்ணன் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குச் சதவீதம் என்று பெயர். வீட்டில் குழாயைத் திறப்பதற்கு முன்பு, “தண்ணி வர எழுபது சதவீதம் வாய்ப்பிருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பார். தண்ணீர் வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டார். “அந்த முப்பது இது” என்பார்.

“வயசு, ஆணா பெண்ணா, கட்டி எங்க இருக்கு, எவ்வளவு பெரிசு, வேற எடத்துக்குப் பரவியிருக்கா, கல்யாணமானவரா,” என்று வாசித்துக்கொண்டே போனார் கணிப்பு அறைக்காரர்.

“கல்யாணமா? அதுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?”

“இருக்கு சார். அம்மாவுக்கு ‘பிரிந்து வாழ்பவர்’னு போட்டிருக்கேன். இதையே சேர்ந்து வாழறவர்னு மாத்தினா...” என்று சொல்லி, சும்மா காட்டுவதற்காக ஒரு தட்டுத் தட்டினார். எண் அறுபத்தெட்டு ஆகியது.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “ஏன்?”

“மெஷினுக்கு ஏன் எதுக்குன்னெல்லாம் தெரியாது சார். ஆயிரக்கணக்கான பேரைப் பாத்து வச்சிருக்கு. துணை இருக்கறவங்க கொஞ்சம் கூடுதலாப் பொழைச்சிருக்காங்க. வேளைக்கு மாத்திரை குடுக்க, நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர ஒரு ஆள் இருக்கறதால இருக்கும்னு நான் நெனைக்கறேன்.”

அண்ணன் காதில் அதெல்லாம் விழவில்லை. ஏழு என்ற ஒரே சொல்தான் விழுந்தது.

அன்றைக்கே டாக்டரம்மா தேதி கொடுத்தாள். “வர்ற வாரம் வச்சுக்கலாம். கட்டி ரத்தக் குழாய்க்குப் பக்கத்துல வந்து நிக்குது. இப்பவே எடுத்தா அந்த எலும்புத் துண்டை மட்டும் எடுத்துட்டு உலோகத் தண்டு வச்சு மூடிடலாம். தள்ளிப்போனா அது குழாயைச் சுத்திக்கும். அப்புறம் காலையே எடுக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் இடது காலை ஊனவே கூடாது. எலும்பு உள்ளே மெலிஞ்சு போயிருக்கு.”

“வர்ற வாரம்தானே, வந்துடறேன்,” என்றாள் கிளட்ச் டீச்சர்.

அண்ணன் மனசுக்குள் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

*

மறுநாள் காலை வாசலில் மெத்தை வந்து நின்றது. மெத்தைக்குப் பின்னால் ஆள் இருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை,” என்று அண்ணன் ஓடிப்போய்ப் பிடித்தார்.

கிளட்ச் டீச்சர் கட்டிலில் காலை நீட்டியபடி பார்த்தாள். “யாரு, ரிவர்ஸா?”

அவளுடைய கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். வாடிக்கையாளருக்குப் படுத்துக் காட்டுவது அவர் வேலை. அந்த வேலையை வீட்டிலும் விடாமல் செய்துவந்தார். அதற்காக அவள் அவரைப் பிரியவில்லை. ஒரு நாள், ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம், இவருக்கும் சொல்லிக் கொடுப்போம் என்று வண்டியில் உட்கார வைத்தாள். அவர் முன்னால் போக வேண்டிய வண்டியைப் பின்னால் விட்டு, பயிற்சிப் பள்ளியின் சுவரைச் சாய்த்து, ரிவர்ஸ் என்று பெயரும் வாங்கினார். சுவர் போனால் போகட்டும். கீழே இறங்கி, “நீ சொல்லிக் குடுத்தது சரியில்ல” என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் கடைக்கு மேலே உள்ள அறைக்குப் போய்ச் சேர்ந்தார், வருஷங்கள் ஓடிவிட்டன.

“எதுக்கு வந்தீங்க?”

“மச்சான் கூப்பிட்டாரு. நான் வந்தா உனக்கு ஏழு சதவீதம் ஏறுமாம்.” அவர் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றார். “என்னை இதுவரைக்கும் யாரும் அரை சதவீதத்துக்குக்கூட மதிச்சதில்ல. வராம இருக்க முடியுமா?”

“அண்ணே, இதென்ன கூத்து?”

“கூத்து இல்லம்மா, கணக்கு. நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது,” என்றார் அண்ணன். கடைசிச் சொல்லில் அவர் குரல் தடுமாறியது. அதனால்தான் அவள் சும்மா இருந்தாள்.

ஏழு என்ற எண் தலைக்கு ஏறினால் மனிதன் என்ன ஆவான் என்பதை அந்த வீடு அந்த வாரம் பார்த்தது. ரிவர்ஸுக்கு ஜன்னலோர நாற்காலி, விசிறிக்கு நேர் கீழே. அண்ணி காப்பி கொண்டுவந்தால் தொட்டுப் பார்ப்பார்.

“ஆறிப்போச்சே அக்கா. ஏழு சதவீதம் ஆறின காப்பியையா குடிக்கும்?”

“சூடு பண்ணிக் கொண்டாரேன்,” என்று அண்ணி உள்ளே போவாள். அடுப்படியில் பாத்திரம் உருளும். “கழுதைக்கு வாழ்வு வந்தா கண்ணு மண்ணு தெரியாதாம்.”

“என்ன சொன்னீங்க அக்கா?”

“சக்கரை போதுமான்னு கேட்டேன்.”

பழைய நாற்காலியைக் காட்டினால், “இதுல உக்காந்தா இடுப்புப் பிடிக்கும். நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா அறுபத்தொண்ணு, ஞாபகம் வச்சுக்கோங்க” என்பார். அண்ணன் பதறி எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பார்.

“இந்த ஏழை வச்சுக்கிட்டு அறுபத்தெட்டு வாழறதைவிட, அறுபத்தொண்ணே நிம்மதி,” என்றாள் கிளட்ச் டீச்சர்.

“நீ பேசுவ. சுவரை இடிச்சதுக்கே என்னை வெளியே அனுப்பினவ.”

“சுவரை இடிச்சதுக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“உங்களுக்கே தெரியும்.”

ரிவர்ஸுக்குத் தெரியும். அவர் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை வேளை வந்தால், தூக்கத்தில் குறட்டை நடுவிலிருந்து கண்ணைத் திறந்து, “மாத்திரை” என்பார். அவள் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் குறட்டை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

*

வாரத்தின் நடுவில் அண்ணன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கணிப்பு அறைக்குப் போனார். வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒரு கிரிக்கெட் நடுவர் இருந்தார், இடுப்பெலும்பில் கட்டி. மனைவி இறந்து நாளாகிவிட்டது. அவர் கிளட்ச் டீச்சரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதீங்க. நீங்க தனியாளா?”

“ஏன்?”

“நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டா உங்களுக்கு ஏழு, எனக்கு எட்டு. வேற ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டேன்.”

“இடம் ஆயிடுச்சு,” என்றார் ரிவர்ஸ், சட்டையை இழுத்துவிட்டபடி.

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெல்ல ஆள்காட்டி விரலை மேலே தூக்கினார். அவுட் என்று ரிவர்ஸைச் சொன்னாரா, தன்னைத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

உள்ளே கணிப்பு அறைக்காரர் கேட்டார். “ஒரே வீட்லதான் இருக்கீங்களா?”

“மெத்தையோட,” என்றார் ரிவர்ஸ்.

தட்டினார். அறுபத்தெட்டு. அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். கிடைத்தது போதும் என்று எழுந்திருக்கலாம். ஆனால் ஆசை அரை நிமிஷம் சும்மா இருக்குமா?

“தம்பி, கட்டி எட்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும்னு போட்டிருக்கே. அந்தக் கொஞ்சத்தை விட்டுட்டு எட்டுன்னு போடுங்களேன்.”

“சார், அது காய்கறி இல்ல.”

“வேற எந்தக் கட்டத்துலயாவது கை வைக்க முடியுமா?”

“பெரிய ஊர்ல இருந்தா ஒண்ணு ரெண்டு கூடும். வயசு குறைஞ்சா கூடும்.”

“வயசு குறையாது. வீடு மாத்தலாம்,” என்று அண்ணன் முணுமுணுத்தார். திரும்பும் வழியெல்லாம் எழுபத்தைந்து, எழுபத்தைந்து என்று அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

*

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். கிளட்ச் டீச்சர் பையைக் கட்டிவைத்திருந்தாள். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி, “இன்னைக்கு மழைக்குப் பத்து சதவீதம்தான்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, வானம் கொட்டத் தொடங்கியது.

“வண்டி சொல்லியாச்சா அண்ணே?”

“இன்னைக்குப் போக வேண்டாம்மா.”

“ஏன்?”

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. வார்டிலிருந்து நர்ஸ்.

“அம்மா, நீங்க தேதி வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு அந்த இடத்தை அம்பயர் சாருக்குக் குடுத்தோம். அவருக்குக் காலையிலருந்து காய்ச்சல். நாளைக்கு இடம் காலி. மதியத்துக்குள்ள வந்து பெட்ல படுத்துட்டா உங்களுக்கு, இல்லன்னா அடுத்த ஆளுக்கு. அதுக்கப்புறம் டாக்டரம்மா வெளியூர் போறாங்க. திரும்ப ஒரு மாசம் ஆகும்.”

கிளட்ச் டீச்சர் தொலைபேசியை வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

“தேதி வேண்டாம்னு யார் சொன்னது?”

“எழுபத்தஞ்சு ஆனதும் போகலாம்னு...” என்றார் அண்ணன். “வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நகரத்துக்கு நடுவுல.”

முதலில் பேசியது ரிவர்ஸ். “மச்சான், நான் வந்ததுல ஏழு ஏறுச்சுன்னு சொன்னீங்க. தள்ளிப் போட்டதுல எத்தனை இறங்குச்சுன்னு சொல்லவே இல்லையே.”

“அதுக்குக் கட்டம் இல்ல மாப்பிள்ளை.”

“அவ காலுக்கும் கட்டம் இல்லையா?”

கிளட்ச் டீச்சருக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அண்ணன் நின்ற நிற்பைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பல்லியை யார் திட்டுவார்கள்?

“அண்ணே, ஊர்ல நெறையப் பேர் குடை விரிக்கிற நாள்லதான் நெறைய மழை பெய்யும். உங்க ஆபீஸ் கணக்குலயே அப்படித்தான் இருக்கும். அதுக்காக எல்லாருமா சேந்து குடையை விரிச்சா மழை வந்துடுமா?”

“வராது,” என்றார் அண்ணன். “தெரியும்மா. வேலை பாத்த காலமெல்லாம் நான் இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்.” வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அந்தக் கணக்குல என் தங்கச்சி இல்ல.”

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சரி, வண்டியைக் கூப்பிடுங்க.”

கூப்பிட்டார்கள். ஒரு வண்டியும் வரவில்லை. தெருமுனையில் முழங்கால் தண்ணீர் என்றான் ஒருவன். இன்னொருவன் எடுக்கவே இல்லை. கொட்டகையில் அவளுடைய பயிற்சி வண்டி நின்றது. கூரையில் சிவப்பு எழுத்துப் பலகையோடு, ஆசிரியர் பக்கத்துக்குத் தனிப் பிரேக், தனி கிளட்சோடு. ஓட்டத் தெரிந்தவளுக்குக் கால் இல்லை. அண்ணனுக்குச் சைக்கிளே வராது.

எல்லாரும் ரிவர்ஸைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கறீங்க?” என்றார் ரிவர்ஸ்.

“மெத்தையை எடுத்து வண்டியில போடுங்க. என் கால் ஆடக் கூடாது,” என்றாள் கிளட்ச் டீச்சர்.

மெத்தையை மடித்து அவள் இடது காலுக்கு அணை கொடுத்தார் ரிவர்ஸ். அவர் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் மடித்ததில்லை. மிச்ச மெத்தை பின் இருக்கைக்கு வழிந்தது. அண்ணன் அதற்குள் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்தார். அண்ணி வாசலில் நின்று, “போறவரு முன்னால பாத்துப் போகட்டும்” என்றாள்.

“கிளட்சை அமுக்குங்க,” என்றாள் டீச்சர்.

“நீயும் உன் பக்கத்துல கொஞ்சம் அமுக்கேன்.”

“எனக்கு வலது கால்தான் இருக்கு. அது பிரேக்குக்கு. கிளட்ச் உங்க பொறுப்பு.”

“அமுக்கிட்டேன்.”

“ஃபர்ஸ்ட் கியர். அது இல்ல, அது ரிவர்ஸ். இடது பக்கம் தள்ளி மேலே. இப்ப மெதுவா விடுங்க. மெதுவா. மெதுவான்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?”

வண்டி துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது. மூன்றாம் முறை, தும்மலை அடக்கிய மனிதனைப்போலக் குலுங்கிவிட்டு, முன்னால் நகர்ந்தது.

“போகுது,” என்றார் ரிவர்ஸ், நம்பாமல்.

“போயிட்டே இருங்க. நின்னுடாதீங்க.”

ஊர் முழுக்க முதல் கியரிலேயே போனார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, மாடுபோலக் கத்திக்கொண்டு போனது வண்டி. பின்னாலிருந்து மெத்தைக்குள் ஒரு குரல், “பாலத்துக்கிட்ட தண்ணி இருக்க எண்பது சதவீதம்” என்றது. “அண்ணே, கணக்கு வேண்டாம். கண்ணால பாத்து இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் அவள். அண்ணன் ஜன்னலைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “இல்லம்மா. காஞ்சிருக்கு. போகலாம்.”

பாதி வழியில் ரிவர்ஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “அன்னைக்கு நீ சரியாத்தான் சொல்லிக் குடுத்த.”

அவள் கையால் சாலையைக் காட்டி, “இடது பக்கம் திரும்பணும். விளக்குப் போடுங்க,” என்றாள். அவர் கண்ணாடித் துடைப்பானைப் போட்டார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது, இப்போது நின்றுவிட்டது.

எப்படியோ வந்து சேர்ந்தார்கள். ஆனால் சேர்ந்த இடம் ஆம்புலன்ஸ் மட்டும் வரும் குறுகல் சந்து. அவளைச் சக்கர நாற்காலிக்கு மாற்றியதும் காவலாளி வந்தார்.

“யாருங்க வண்டியை இங்க விட்டது? எடுங்க. முன்னால சுவரு. திருப்பவும் முடியாது. பின்னாலயே போகணும், அந்த முனை வரைக்கும். உங்களால முடியுமா, நான் எடுக்கட்டுமா?”

ரிவர்ஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு கையை இருக்கை முதுகில் போட்டார். தலையைத் திருப்பினார். அந்த நீளச் சந்து முழுக்க, இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு கீறல் படாமல், கோடு போட்டதுபோல வண்டி பின்னால் போய், முனையில் வளைந்து, நிழற்கூரைக்கு அடியில் போய் நின்றது.

“பெரிய டிரைவர் போல,” என்றார் காவலாளி.

“அந்த ஒரு கியர்ல மட்டும்,” என்றாள் கிளட்ச் டீச்சர். ஆனால் வண்டி போய் நின்ற பிறகும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்க்கை மேசையில் இருந்த பெண் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தாள். “கல்யாணமானவங்களா? சேர்ந்து இருக்கீங்களா, பிரிஞ்சா?”

அண்ணன் வாயைத் திறந்தார். கிளட்ச் டீச்சர் வலது காலை நீட்டி அவர் பாதத்தின்மேல் வைத்து அழுத்தினாள். பயிற்சி வண்டியில் மாணவன் லாரிக்குள் விடப்போகும்போது அழுத்துவாளே, அதே அழுத்தம். அண்ணன் நின்றார்.

“பிரிஞ்சுதான் இருக்கோம். ஆனா மழையில வண்டி ஓட்டிக் கொண்டாந்து விட்டுட்டு, வெளியே மெத்தையைப் பிழிஞ்சிட்டிருக்காரு.”

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“அப்ப பிரிஞ்சதுன்னே போடுங்க. நம்பர் இறங்கினா இறங்கட்டும். பெட்டைக் குடுங்க.”

கொடுத்தார்கள்.

*

மறுநாள் அறுவை சிகிச்சை முடிந்து அவள் கண் விழித்தபோது சாயங்காலம். கட்டு தொடையிலிருந்து கீழேவரை இருந்தது. அதன் முடிவில் ஐந்து விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இதுவரை பார்த்த எண்களே போதும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா வந்தாள். “குழாயைத் தொடல. அதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டோம். அஞ்சு வருஷத்துக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. கால் உங்களோடதுதான், அதைச் சொல்லலாம்.” அவள் உள்ளங்கையை விரித்து நோயாளியின் இடது பாதத்தில் வைத்தாள். “எங்கே, என் கையை மெதுவா அமுக்குங்க பாப்போம்.”

கிளட்ச் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். பாதம் அசைந்தது. டாக்டரம்மாவின் கை பின்னால் போனது.

“நல்லா இருக்கு. இப்ப விடுங்க.”

வலியில் சட்டென்று விட்டுவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில், இன்னும் ஈரம் காயாத மெத்தையில் சாய்ந்திருந்த ரிவர்ஸ் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டை மட்டும் நின்றது.

“மெதுவா விடணும்,” என்றார். “மெதுவான்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?”